இறகுத் தூள்

சாந்திபுரம்
14-7-2024

ரேணிகுண்டா பவன்குமார் அவர்களுக்கு,

உங்கள் மனைவி சிவசங்கரி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டாரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவது முறை. கேட்க மனம் வராததால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்து இன்றோடு நாற்பது நாள். அதனால் குவைத்துக்குத் திரும்புகிற உங்கள் நண்பர் ஜெகநாதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனை ஒரு விரலால் அணைத்துவிடலாம். காகிதத்தைக் கிழிக்க இரண்டு கையும் வேண்டும், அதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் என் உடம்பு. அதைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னீர்கள், என்னிடம் ஒரு தடவைகூட முழுசாகக் கேட்கவில்லை. போன கார்த்திகையில் ஆரம்பித்தது. காலையில் மாடியேறி உங்கள் புறாக்கூண்டைச் சுரண்டிக் கழுவிவிட்டு இறங்குவேன். மதியம் மூன்று மணிக்குள் குளிரெடுத்துக் காய்ச்சல் வரும். அப்புறம் இருமல். விடிந்தால் விட்டுவிடும். விடிந்ததும் மறுபடி கூண்டு. மாசிக்குள் எட்டு கிலோ இறங்கிப்போனேன். ஒரு குடம் தண்ணீரை வாசலிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுவர நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. நீங்கள் போனில் கூப்பிட்டு முதலில் ராக்கெட் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்புறம் சுல்தான். அப்புறம் அந்தச் சாம்பல் ஜோடி முட்டை வைத்ததா என்று. நாற்பத்தாறு புறாவையும் விசாரித்து முடித்த பிறகு எனக்கும் நேரம் இருந்தால், சாப்ட்டியா என்பீர்கள்.

பங்குனியில் தங்கச்சி சந்தியாவின் நிச்சயத்துக்காக இங்கே வந்து பத்து நாள் இருந்தேன். காய்ச்சல் இல்லை, இருமலும் பாதியாகக் குறைந்தது. ரேணிகுண்டா திரும்பிக் கூண்டு கழுவிய அன்றைக்கே இரண்டும் திரும்பி வந்தன. அதைச் சொன்னதற்கு நீங்கள் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். எங்க வூட்ல வேல செய்யத்தான் ஒடம்பு வலிக்குது, உங்க வூட்ல துன்னுக்கினு குந்திக்கினு இருந்தா நல்லா கீது என்றீர்கள். டாக்டர் மூன்று மாசம் தேடிக் கண்டுபிடித்ததை நீங்கள் அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள், பாருங்கள். உங்கள் வீட்டில் இருந்தால் வியாதி, எங்கள் வீட்டில் இருந்தால் சுகம். சொன்ன உங்களுக்குத்தான் அது புரியவில்லை.

டி.பி. என்று நினைத்துச் சளி பார்த்தார்கள், இல்லை. ஆஸ்துமா என்று மூச்சில் இழுக்கிற பம்பு கொடுத்தார்கள், கேட்கவில்லை. கடைசியில் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைப் பெற்ற நைனா அழைத்துப்போனார். அங்கே மைத்ரேயி என்று ஒரு நுரையீரல் டாக்டர். திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்த ஐயங்கார் வீட்டுப் பெண், என்னோடு தமிழிலும் நர்ஸோடு தெலுங்கிலும் பேசினார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வீட்டில் பறவை ஏதாவது வளர்க்கிறீர்களா என்று கேட்டார். புறா என்றேன். எத்தனை என்றார். நாற்பத்தாறு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

புறா எச்சத்திலும் இறகிலிருந்து உதிர்கிற வெள்ளைத் தூளிலும் இருப்பதை என் நுரையீரல் எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறதாம். சண்டை நடக்கிற இடமெல்லாம் வீங்கிப்போகிறது. அதை உறுதி செய்ய மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு அரிசி அளவு சதை எடுத்தார்கள். கூடவே இன்னும் ஒரு துணுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் அனுமதி கேட்டார். இந்த வியாதி வந்த நுரையீரலில் எந்தெந்த ஜீன் வேலை செய்கிறது என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம், யாருக்குத் தானாக ஆறும், யாருக்குத் தழும்பாகும் என்று தெரிந்துகொள்ள. நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அதைத்தான் உங்களிடம் போனில் சொன்னேன். என் விதி, ஜீன் என்ற ஒரு வார்த்தை மட்டும் உங்கள் காதில் விழுந்தது. ஜீன்னா பரம்பரதானே, தெரிஞ்சே எங்க தலைல கட்டிட்டாங்க என்று கத்திவிட்டு வைத்தீர்கள். மூன்றாம் நாள் உங்கள் அம்மா மணியம்மா என் பையை வாசலில் எடுத்து வைத்தார். பிள்ளை பிறந்தால் அதற்கும் வரும் என்று மகன் சொல்லிவிட்டானாம். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேரிடமும் என் வம்சத்தின் கதை சொல்லப்பட்டது.

அந்தக் கதை சந்திரகிரி வரை போனது. சந்தியாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார். பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறாரோ.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது. சந்திரகிரிக்காரர்களுக்குப் போன் செய்து, நான் தெரியாமல் உளறிவிட்டேன் என்று சொல்லுங்கள். அந்த இரண்டு வார்த்தையையும் உண்மையாகவே சொல்லலாம், பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
இரண்டு வருஷம் உங்கள் கூண்டு கழுவிய
சிவசங்கரி


சாந்திபுரம்
29-9-2024

புறாக்களின் எஜமானர் அவர்களுக்கு,

என் கடிதத்துக்குப் பதிலாக நைனாவின் போனுக்கு நீங்கள் அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. இரண்டு தடவை கேட்டேன், என் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று. வரவில்லை. ராக்கெட்டின் பெயர் வந்தது.

நீங்கள் கேட்ட கேள்வி இது. எங்கம்மா இருவது வருசமா அதே வூட்ல அதே புறாவோட கீறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆவல, உன் பொண்ணுக்கு மட்டும் ஆச்சுன்னா கோளாறு புறா மேலயா, உங்க ரத்தத்து மேலயா? நைனா தலையைக் குனிந்துகொண்டார். என் நைனா துலுக்காணம் யார் முன்னாலும் தலை குனிகிற ஆள் இல்லை என்று இந்த ஊருக்கே தெரியும். அவரைக் குனிய வைத்த பெருமை உங்களுக்கு.

அதே கேள்வியை டாக்டர் மைத்ரேயியிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல கேள்வி என்றார். நீங்கள் கேட்டது என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன், மெதுவாகப் படியுங்கள்.

நீங்கள் குவைத் போவதற்கு முன் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் எண்ணூறு பேருக்குப் பதிவேட்டில் பெயர் இருந்தது என்பீர்கள். எண்ணூறு பேரும் தினமும் வேலை செய்தார்களா? எந்த ஷெட்டில் யார் வந்தார், யார் லீவு, யார் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தார் என்பதற்குத் தனி நோட்டு உண்டு. ஜீனும் அப்படித்தான். என் கண்ணில் இருப்பதும் காலில் இருப்பதும் நுரையீரலில் இருப்பதும் ஒரே பட்டியல். எந்த இடத்தில் எது வேலை செய்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும். அவர்கள் என் பெயர்ப் பட்டியலைப் படிக்கவில்லை. என் நுரையீரலில் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களை எண்ணினார்கள். தூள் உள்ளே போனதால் அங்கே சண்டைக்காரர்கள் எல்லாரும் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். தூளை நிறுத்தினால் அவர்கள் கலைந்து போவார்கள். இதைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க முடியாது.

ஒரே வீட்டில் ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவதற்குப் பிறவியிலேயே ஏதாவது காரணம் கொஞ்சம் இருக்கலாம், அது இன்னும் முழுசாகத் தெரியவில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஆனால் தூள் இல்லாமல் இந்த வியாதி எனக்கு வந்தே இருக்காது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் படிக்காததால் எல்லாம் தெரிந்தவராக இருக்கிறீர்கள்.

என் துணுக்கின் முடிவு வந்துவிட்டது. வீக்கத்தை உண்டாக்குகிற ஜீன்கள் ஆர்ப்பாட்டமாக இருந்தன, தழும்பு போடுகிற ஜீன்கள் அனேகமாகச் சும்மா இருந்தன என்றார். இதை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது, இது ஆராய்ச்சிதான், ஸ்கேனும் மூச்சுப் பரிசோதனையும்தான் முக்கியம் என்றும் சொன்னார். அவை இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. மாத்திரையால் முகம் மட்டும் பூசணி மாதிரி ஊதியிருக்கிறது. நேற்று நைனாவோடு தக்காளித் தோட்டத்துக்கு நடந்து போய் ஒரு கூடை பறித்துவிட்டு நடந்தே திரும்பினேன். நடுவில் எங்கேயும் உட்காரவில்லை.

சந்தியா விஷயம். நீங்கள் சந்திரகிரிக்குப் போன் செய்யவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. இது பரம்பரை வியாதி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நைனாவே கொண்டுபோய்க் காட்டினார். சயன்ஸ் வாத்தியார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதற்கும் பெண்ணுக்கு ஒரு ஜீன் டெஸ்ட் எடுத்துக் காட்டினால் யோசிக்கலாம் என்றாராம். சந்தியா பதில் சொல்லி அனுப்பினாள், எடுக்கலாம், ஆனா மாப்பிள்ளையும் எடுக்கணும், ரெண்டு ரிப்போர்ட்டையும் நடு ஹால்ல வெச்சுப் பிரிக்கலாம் என்று. அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அவள் ஒரு வாரம் அழுதாள், எனக்குத் தெரியும். இப்போது குப்பம் டவுனில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள். தப்பித்தது யார் என்று அவளுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை, புரியும்.

டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார். உன் மாமியாருக்கு ஒன்றுமில்லை என்று யார் பார்த்துச் சொன்னது என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். யாருமே பார்க்கவில்லை. நீங்கள்தான் குவைத்திலிருந்து சொல்லியிருக்கிறீர்கள்.

என் சர்டிபிகேட்டுகள் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கின்றன. எடுக்க ஒரு நாள் ரேணிகுண்டாவுக்குப் போகப் போகிறேன். முன்கூட்டியே தெரிவிக்கிறேன், திருடப் போனேன் என்று தெருவுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கெட்ட ரத்தம் என்று உங்களால் பட்டம் பெற்ற
சிவசங்கரி


சாந்திபுரம்
15-12-2024

மணியம்மாவின் மகன் பவன்குமாருக்கு,

இந்தக் கடிதத்தை ஏளனம் செய்ய எழுதவில்லை. பழக்கத்தில் வந்துவிட்டால் தாண்டிப் படியுங்கள். தயவுசெய்து கடைசி வரி வரை படியுங்கள்.

ஐப்பசியில் ரேணிகுண்டாவுக்குப் போனேன். முகத்தில் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. உங்கள் அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கம்பும் சோளமும் இருந்த முறம், பாதி படியெல்லாம் சிந்தியிருந்தது. என்னைப் பார்த்ததும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மூச்சுதான் வந்தது, அதுவும் அரைகுறையாக. உதடு நீலமாக இருந்தது. மொத்தம் பதினாறு படி. நாலு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏற அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறதாம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை.

விரல் நுனியெல்லாம் உருண்டு, நகம் கவிழ்ந்த கரண்டி மாதிரி வளைந்திருந்தது. அதே வீட்டில் இரண்டு வருஷம் அவர் கையால் சோறு வாங்கித் தின்றவள் நான். அந்த விரலை ஒரு நாளும் கவனித்துப் பார்த்ததில்லை. உங்களைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். புறாவை யார் பார்ப்பது என்றார். நான் ஆட்டோவைக் கூப்பிட்டு அவரைத் தூக்கித்தான் உட்கார வைத்தேன். ஒரு காலத்தில் என் பையைத் தூக்கி வாசலில் வைத்த மனுஷி, என் இடுப்பில் ஒரு பிள்ளை கனம்கூட இல்லை.

டாக்டர் மைத்ரேயி ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்து எனக்குக் காட்டினார். என்னுடையதில் பனி படிந்த மாதிரி இருந்தது. அவருடையதில் இரண்டு பக்கமும் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. தழும்பு. பத்து வயசில் நீங்கள் ஒரு ஜோடி வாங்கி வந்ததிலிருந்து கூண்டு கழுவியது அவர்தானே. காய்ச்சல் குளிர் எதுவும் இல்லாமல், தினம் கொஞ்சமாக, உள்ளே இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. இவரிடம் சதை எடுக்க முடியாது, உடம்பு தாங்காது என்றார்கள். எடுத்துப் பார்த்தால் தழும்பு போடுகிற ஜீன்கள்தான் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும், இந்த நிலையில் வருகிறவர்களிடம் அவர்கள் பார்ப்பது அதுதான் என்று டாக்டர் சொன்னார். எனக்குக் கொடுத்த மாத்திரை இவருக்கு அதிகம் உதவாது. தழும்பு பரவுவதைக் கொஞ்சம் மெதுவாக்க வேறு மாத்திரை உண்டு, கொடுத்திருக்கிறார்கள். ஆனது ஆனதுதான், திரும்பாது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீ எட்டு மாதத்தில் வந்தாய், இவர் இருபது வருஷம் கழித்து வந்திருக்கிறார் என்றார். வேறு எதுவும் சொல்லி யாரையும் குறை சொல்லவில்லை. அவர் சொல்லாததால்தான் எனக்கு அழுகை வந்தது.

திருப்பதியிலிருந்து சாந்திபுரம் வரும்போது பஸ்ஸில் உங்கள் அம்மா நிறுத்தி நிறுத்திப் பேசினார். மூன்று வருஷமாகவே மாடி ஏற முடியவில்லையாம். அதனால்தான் உங்களுக்கு அவசரமாகப் பெண் பார்த்தாராம். என்னைக் கட்டி வைத்ததே அதற்குத்தான் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் அவர் மேல் நிற்கவில்லை.

பிறகு ஏன் என் மேல் பழி போட்டீர்கள், புறாதான் காரணம் என்று உங்களுக்கே தெரியுமே என்று கேட்டேன். தெரியும்மா என்றார். புறா மேல பழி வந்தா புறாவ குடுத்துடச் சொல்லுவாங்க, புறா போய்ட்டா அவன் எதுக்கு எனக்குப் போன் பண்ணுவான் என்றார்.

அந்த வாக்கியத்தை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். நீங்களும் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் படிக்கலாம்.

அவரைச் சாந்திபுரத்துக்கே கூட்டிவந்துவிட்டேன். அந்த வீட்டின் சுவரிலும் பரணிலும் படிந்திருக்கிற தூளில் அவர் இனி ஒரு நாளும் இருக்கக் கூடாது. நைனா முதலில் முகம் கொடுக்கவில்லை. இரண்டாம் நாள் தன் கட்டிலைத் தூக்கிக் காற்று வருகிற இடத்தில் அவருக்குப் போட்டுவிட்டு, தான் தரையில் படுத்தார். ஆக்சிஜன் மெஷின் ஒன்று வந்திருக்கிறது. கரண்ட் போனால் சந்தியா சிலிண்டரை மாற்றுகிறாள். உங்களால் கல்யாணம் நின்றுபோன அதே சந்தியாதான்.

உங்கள் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் புறாக்களைக் கொடுத்தேன். சித்தூரில் பாலையா என்று ஒருவர், நல்ல முறையில் வளர்க்கிறவர், வண்டி கொண்டுவந்து நாற்பத்தாறையும் எடுத்துப் போனார். மறுநாளே மூன்று புறாக்கள் ரேணிகுண்டாவுக்குத் திரும்பிப் பறந்து வந்து, பூட்டிய கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தனவாம். பக்கத்து வீட்டார் சொன்னார்கள். பாலையாவே வந்து பிடித்துக்கொண்டு போனார். கூண்டைப் பிரித்துவிட்டோம்.

ஆனால் ராக்கெட் நேற்று நன்றாகப் பறந்தது என்று உங்கள் அம்மா வெள்ளிக்கிழமை உங்களிடம் சொன்னார், இல்லையா? சாம்பல் ஜோடி குஞ்சு பொரித்தது என்று போன வாரம் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல ஒருவரால் முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். போனில் கேமரா கெட்டுப்போச்சு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாரே, கேமராவுக்கு ஒன்றும் இல்லை. மூக்கில் குழாய் இருப்பது தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

உங்களுக்கு இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். அவன் கஷ்டப்பட்டுக்கினு கீறான், அங்க தனியா அழுவான் என்றார். நீங்கள் அழுவீர்கள் என்று நம்புகிற ஒரே ஆள் அவர். அந்த நம்பிக்கை நியாயமாகட்டும்.

எனக்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். என் நம்பரைத் திறக்க வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், நான் உங்கள் வீட்டுக்குத் திரும்புவதாகவும் இல்லை. தை மாதம் குப்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேருகிறேன். லீவு கிடைத்தால் உடனே புறப்பட்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். பொங்கலுக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

வருகிற வரைக்கும் ஒன்று மட்டும் செய்யுங்கள். வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் ஐந்து மணிக்குக் கூப்பிடுவீர்கள். உங்கள் அம்மா மத்தியானத்திலிருந்தே யாரோடும் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கை காட்டுகிறார். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு மூச்சைச் சேர்த்து வைக்கிறார். நல்லா கீறேன் கண்ணு என்று உங்களிடம் மூன்று வார்த்தை இருமல் வராமல் சொல்வதற்கு அவருக்கு மூன்று மணி நேரம் தேவைப்படுகிறது. போனை வைத்ததும் அவரை நானும் சந்தியாவும் பிடித்துப் படுக்க வைக்கிறோம்.

இனி கூப்பிட்டால் அவரிடம் எதையும் கேட்காதீர்கள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காதீர்கள். உங்களுக்கு அங்கே என்ன வெயில், என்ன சமைத்தீர்கள், எந்த ரோட்டில் வண்டி ஓட்டினீர்கள், எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். நடுவில் நிறுத்திப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். நீங்களே பேசிக்கொண்டே இருங்கள், பவன். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

சிவசங்கரி